கண்ணடித்த பல்பும் செம்பாக்கத்து அண்ணன் தம்பியும்

போன வாரம் கடையிலிருந்து ஃபோன் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு கம்ப்ளெயின்ட் கவுன்டரில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நிவேதாதான் பேசினாள்.

"ஸ்டெல்லா அக்கா, ஒரு கஸ்டமர் காலையிலேர்ந்து உயிரை எடுக்கறார். ஸ்விட்சை ஆஃப் பண்ண பிறகும் எல்.ஈ.டி. பல்ப் விட்டு விட்டுக் கண்ணடிக்குதாம். வீட்ல ஆளுக்கு ஆள் சண்டையாம். என்ன சொல்லட்டும்?"

ஒரே வரியில் பதில் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கிழவிக்குக் குசும்பு போகவில்லை என்று நினைத்திருப்பாள். குசும்பு போகவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் அந்தப் பதில் குசும்பு இல்லை. கிழக்குத் தாம்பரத்தில் அந்த எலக்ட்ரிகல் கடையில் நான் காலம் தள்ளிக் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் படித்த கதை சின்னது. ஐ.டி.ஐ.யில் வயர்மேன் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். முதல் நாள் வாத்தியார் என்னைப் பார்த்ததும், தையல் வகுப்பு பக்கத்துக் கட்டடம் என்று அன்பாக வழி காட்டினார். மறுநாளும் காட்டினார். அதற்கடுத்த நாள் மெயினை அணைக்காமல் அவர் ஜங்ஷன் பாக்ஸில் கை வைக்கப் போனார். நான் ஓடிப்போய் மெயினை இறக்கினேன். அதற்குப் பிறகு வழி காட்டுவதை நிறுத்திவிட்டார்.

எண்பதுகளின் நடுவில் கடையில் சேர்ந்தேன். அப்போது குண்டு பல்பும் ட்யூப்லைட்டும்தான். ட்யூப்லைட் எரியவில்லை என்று வந்தால் ஸ்டார்ட்டரைத் திருகிப் பாருங்கள் என்போம். திருகினால் எரியும். வந்தவர்கள் எங்களை வாழ்த்திவிட்டுப் போவார்கள். அப்படியே ஓய்வு வரைக்கும் ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். தொண்ணூறுகளில் சேவர் பல்ப் வந்து அதைக் கெடுத்தது.

இன்றைய பிள்ளைகளுக்கு அது சி.எஃப்.எல். வளைந்த குழாயும் கீழே கொழுத்த வெள்ளை அடியுமாக இருக்கும். மின்சாரம் மிச்சமாகும் என்று சொல்லித்தான் விற்றோம், மிச்சமும் ஆனது. ஆனால் தாம்பரத்து வீடுகள் எல்லாம் குண்டு பல்புக்காகக் கட்டப்பட்டவை. ஹோல்டர், பல்பை மூடும் கண்ணாடி டூம், ஸ்விட்ச், ரெகுலேட்டர் எல்லாமே குண்டு பல்பின் குணத்துக்குப் பழகியவை. அங்கே போய் இந்தப் புது மருமகளை உட்கார வைத்தால் ஒன்றுக்கும் ஒத்துப்போகவில்லை. டூமுக்குள் மாட்டினால் பாதி வெளியே தொங்கியது. பழைய ஹோல்டரில் மாட்டினால் கனம் தாங்காமல் ஸ்பிரிங் கழன்று பல்ப் சாம்பார் சட்டியில் விழுந்தது. சட்டியோடு தூக்கிக்கொண்டே ஒரு அம்மா கடைக்கு வந்துவிட்டார்.

இதையெல்லாம் சமாளித்தவர் எங்கள் மேனேஜர் வரதராஜன் சார். ஒல்லியான மனிதர். முழுக்கைச் சட்டை, பாக்கெட்டில் டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர், பேனாவைப் போல் கிளிப் வைத்தது. அவசரத்தில் அதை வைத்துக் கையெழுத்துப் போடப் பார்ப்பார். தப்பு பல்பின் மேலும் இருக்கக்கூடாது, கஸ்டமர் மேலும் இருக்கக்கூடாது என்பது அவருடைய கொள்கை.

"ஸ்டெல்லா, கஸ்டமர் பொய் சொல்ல மாட்டாங்க. பல்பும் பொய் சொல்லாது. நடுவுல ஒருத்தன் இருப்பான், அவனைப் பிடி" என்பார்.

திரும்பி வந்த பல்பை அவர் சோதிக்கும் முறையை நான் சொல்லியே ஆகவேண்டும். முதலில் அட்டைப் பெட்டியிலிருந்து இரண்டு விரலால் எடுப்பார். கைக்குட்டையால் துடைப்பார். காதருகே வைத்து ஆட்டிக் கேட்பார். குண்டு பல்பாக இருந்தால் உள்ளே அறுந்த இழை கிணுகிணுக்கும். சேவர் பல்பில் கிணுகிணுக்க எதுவும் கிடையாது, அது அவருக்கும் தெரியும். ஆனாலும் ஆட்டுவார். பிறகு கஸ்டமர் காதருகேயும் ஆட்டி, "கேக்குதா?" என்பார். அவர்கள் இல்லை என்பார்கள். "அதான்" என்று தலையாட்டிவிட்டு டெஸ்ட் போர்டில் மாட்டி ஸ்விட்சைத் தட்டுவார்.

அந்தக் காலத்து சேவர் பல்ப் தட்டினதும் எரியாது. கொஞ்சம் யோசிக்கும். அந்த இடைவெளியில் சார் மேலே பார்த்து, "வரும்" என்று சொல்லிக்கொண்டு நிற்பார். வந்துவிடும். அணைத்து மறுபடி போடுவார், மறுபடியும் வரும். பிறகுதான் தீர்ப்பு.

"பல்ப் நல்லா இருக்கு. வீடுதான் ரிப்பேர்."

அதைத் தொடர்ந்து ஒரு கேள்வி: "உங்க வீட்டுக்கு எந்த மகானுபாவர் வயரிங் பண்ணது?"

அந்த மகானுபாவர் எப்போதும் ஊரில் இல்லாதவராக இருப்பார், இல்லாவிட்டால் உலகத்திலேயே இல்லாதவராக இருப்பார். எல்லாரும் சேர்ந்து அவரைத் திட்டுவோம். கஸ்டமர் மனம் குளிர்ந்து, இருக்கட்டும் என்று ஒரு ப்ளக்கும் வாங்கிக்கொண்டு போவார்.

விசித்திரமான புகார்களெல்லாம் வரும். சேலையூரிலிருந்து ஒரு மாமி வந்தார். சாயங்காலம் விளக்குப் போட்டதும் கை கூப்புவது நம் வீடுகளில் வழக்கம்தானே. "ஸ்விட்சைப் போட்டுட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டுத் திறந்து பார்க்கறேன், இன்னும் இருட்டாவே இருக்கு. இருட்டைக் கும்பிட்ட பாவம் யாருக்கு?" என்றார். சார் கொஞ்சமும் அசரவில்லை. "இன்னும் ரெண்டு நாமம் சேர்த்துச் சொல்லுங்கோ மாமி, வந்துடும்" என்றார். மாமி அதைப் புகாராகவே எடுத்துக்கொண்டு போனார், ஆனால் பல்பைத் திருப்பித் தரவில்லை.

குன்றத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் பூஜை அறை விளக்குக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற ரெகுலேட்டர் வைத்திருந்தார்கள். சேவர் பல்புக்கும் ரெகுலேட்டருக்கும் ஆகவே ஆகாது. மாட்டியதும் பல்ப் 'ம்ம்ம்' என்று முனக ஆரம்பித்துவிட்டது. அவர்களோ முருகன் அருளால் பல்ப் ஓம் என்று சொல்கிறதென்று முடிவு செய்து, தெருவில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டிவிட்டார்கள். அவர்கள் கடைக்கு வந்தது புகார் சொல்ல அல்ல, ஹாலுக்கும் அதேபோல் ஓம் சொல்கிற பல்பாகப் பார்த்து ஒன்று வாங்க. வாழ்க்கையில் அன்றைக்கு ஒருநாள்தான் வரதராஜன் சார் தீர்ப்பே சொல்லாமல் பில் போட்டார்.

இதெல்லாம் சில்லறை. உண்மையிலேயே எங்களைத் திணற அடித்தது செம்பாக்கத்து வீடு.

ஒரு நாள் மத்தியானம் இரண்டு பெண்கள் கடைக்கு வந்தார்கள். மூத்தவர் குப்பம்மா, இளையவர் சரளா. ஒரே வீட்டில் அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்ட ஓரகத்திகள். ஏரியோரம் பயிர் வைத்திருந்த குடும்பம், இப்போது மனை விற்று மாடி கட்டியிருந்தார்கள். கீழே அண்ணன் ஏகாம்பரம், மேலே தம்பி தணிகாசலம். நடுவில் வீட்டுக்குள்ளேயே படிக்கட்டு. படிக்கட்டில் ஒரு பல்ப், கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச். எதைத் தட்டினாலும் எரியும், எதைத் தட்டினாலும் அணையும்.

"எம்மா, இன்னாம்மா பல்பு குட்த்தீங்க? ஆஃப் பண்ணாலும் கண்ணடிச்சிகினே கீது" என்று ஆரம்பித்தார் குப்பம்மா. "எங்க வூட்ல ரெண்டு ஆம்பளைங்களும் அத்த வச்சி அட்ச்சிக்கறானுங்க."

சரளா மெதுவாக விளக்கினாள். அண்ணனும் தம்பியும் பேசி வருஷக்கணக்காகிறது. சண்டைக்குக் காரணம் டிவி ஆன்டெனா. ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்தில் க்ளைமாக்ஸ் வரும் நேரம் அண்ணன் டிவியில் பொரி பொரியாக வந்துவிட்டது. மொட்டை மாடிக்கு ஓடிப் பார்த்தால் அண்ணனுடைய ஆன்டெனா, டிவி நிலையம் இருக்கிற திசையில் மாம்பலத்தைப் பார்க்காமல், நேர் எதிர்ப்பக்கம் வண்டலூரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தம்பிதான் திருப்பினான் என்றார் அண்ணன். தம்பி இல்லை என்றார். அதோடு பேச்சு நின்றது. கதாநாயகன் பிழைத்தானா இல்லையா என்பது ஏகாம்பரத்துக்கு இன்றுவரை தெரியாதாம்.

ஆனால் படிக்கட்டு விளக்கை மட்டும் விளக்கு வைக்கிற நேரத்தில் அண்ணன் போடுவார், படுக்கப் போகும்போது தம்பி அணைப்பார். யாரும் சொல்லி வைத்ததில்லை. அவர்களுக்குள் மிச்சம் இருந்த உறவு அது ஒன்றுதான். அந்த இடத்தில் சேவர் பல்பை மாட்டியதும் வந்தது வினை. தம்பி அணைத்துவிட்டுப் போனதும் பல்ப் மினுக்கென்று ஒரு தடவை கண்ணடிக்கும். மேலே இருந்துகொண்டு தம்பி ஸ்விட்சைத் தட்டி வம்பு செய்கிறான் என்று அண்ணனுக்குக் கோபம். கீழே இருந்துகொண்டு அண்ணன் சீண்டுகிறார் என்று தம்பிக்குக் கோபம்.

"இப்ப படிக்கட்டுக்குக் குறுக்கே சுவர் வெக்கறேன்னு எங்க வூட்டுக்காரு செங்கல் எறக்கிட்டாரு. நாளைக்குக் காலீல மேஸ்திரி வர்றாரு" என்றார் குப்பம்மா. "சுவரு வந்துட்டா நானும் இவளும் எங்க குந்தி பேசறது? ரெண்டு பேரும் வெளிய போனப்புறம் அந்தப் படிக்கட்லதான் அரிசி பொறுக்கறோம், கொழம்பு மாத்திக்கறோம். இவ ரெண்டாவது புள்ளைக்கு நான்தான் அந்தப் படிக்கட்ல வெச்சி சோறு ஊட்டினேன்."

வரதராஜன் சார் எல்லாவற்றையும் கேட்டார். பல்பை இரண்டு விரலால் எடுத்தார், துடைத்தார், ஆட்டினார், மாட்டினார், "வரும்" என்றார். வந்தது. அணைத்தார். அது கண்ணடிக்கவே இல்லை, சமர்த்தாக இருந்தது. பழக்க தோஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்துவிட்டது.

"பல்ப் நல்லா இருக்கு. வீடுதான் ரிப்பேர்."

சரளா பொலபொலவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். குப்பம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எங்களை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு மேஜைக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது. கஸ்டமர் வீட்டுக்குப் போகக்கூடாது, போனால் தப்பு நம்முடையது என்று அர்த்தமாகிவிடும் என்பது கடையில் சாரே போட்ட சட்டம். அவரே மொபெட் சாவியை எடுத்தார். பின்னால் நான் டெஸ்ட் போர்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேளச்சேரி சாலை முழுக்க அவர் தனக்குத்தானே ஏதோ திட்டிக்கொண்டு வந்தார்.

வீட்டு வாசலிலேயே செங்கல் அடுக்கியிருந்தது. பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் ஏகாம்பரம், காவலுக்கு இருப்பதுபோல. தணிகாசலம் மாடிக் கைப்பிடியில் சாய்ந்து நின்றார். பல்பைத் திரும்ப மாட்டி, போட்டு அணைத்தோம். ஒன்றும் தெரியவில்லை. பட்டப்பகல், படிக்கட்டு ஜன்னல் வழியாக வெயில் கொட்டியது.

"இருட்டு பண்ணணும்" என்றார் சார்.

மாடி ஜன்னலில் சரளாவும் நானும் ஜமக்காளத்தைப் பிடித்தோம். கீழே குப்பம்மா வாசல் கதவைச் சாத்தினார். சார் படிக்கட்டின் நடுவில், பல்புக்கு நேர் கீழே நின்றார். அண்ணன் கீழ் ஸ்விட்ச் அருகில், தம்பி மேல் ஸ்விட்ச் அருகில்.

"ஏகாம்பரம் சார், ரெண்டு கையையும் மேல தூக்குங்க."

"இன்னாத்துக்கு? நான் இன்னா திருடனா?"

"டெஸ்டிங் ப்ரொசீஜர் சார்."

எந்தக் கம்பெனிப் புத்தகத்திலும் அப்படி ஒரு ப்ரொசீஜர் கிடையாது. அந்த நிமிஷத்தில் அவர் உண்டாக்கியது.

"தூக்கிட்டேன்."

"தணிகாசலம் சார், நீங்களும்."

"அவரு தூக்கிட்டாரான்னு கேளுங்க."

"தூக்கிட்டார்."

"ரெண்டு கையுமா?"

"ரெண்டு கையும்தான் சார்."

தம்பியும் தூக்கினார். காத்திருந்தோம். ஜமக்காளத்துத் தூசியில் எனக்குத் தும்மல் வந்தது, மூக்கை மூட எனக்கும் கை இல்லை. இருட்டிலிருந்து தணிகாசலம் தீனமாகக் கூப்பிட்டார்.

"சார், லுங்கி அவுருது சார்."

"கையை எறக்காதீங்க! முழங்கால் ரெண்டையும் சேத்துப் புடிச்சுக்குங்க!"

அப்போது பல்ப் கண்ணடித்தது. சின்ன வெளிச்சம், வந்ததும் போய்விட்டது. ஆனால் அதற்குள் மேலே இருந்தவர்களுக்குக் கீழே தெரிந்தது, கீழே இருந்தவர்களுக்கு மேலே தெரிந்தது. அண்ணன் சரணடைந்த ஆள் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். தம்பி முழங்காலைச் சேர்த்து வளைந்து நெளிந்து, அவரும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். ஸ்விட்ச் பக்கம் யார் கையும் இல்லை.

பல்ப் மறுபடியும் ஒரு தடவை கண்ணடித்தது.

"அண்ணே," என்றது மேலேயிருந்து ஒரு குரல், "நீ இல்லியா?"



"நான் இல்லடா" என்றார் ஏகாம்பரம். "என் கையப் பாத்தே இல்ல?"

என் பக்கத்தில் சரளா ஜமக்காளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அந்த ஆன்டெனாவையும் நான் திருப்பலண்ணே. அன்னிக்கே சொன்னேன். காக்கா குந்தியிருக்கும்."

"அது எப்டிடா காக்கா கரெக்டா க்ளைமாக்ஸ்ல வந்து குந்தும்?"

குப்பம்மா இருட்டிலேயே சிரித்துவிட்டார். அது எல்லாருக்கும் தொற்றிக்கொண்டது. நான் தும்மினேன், ஜமக்காளம் கை நழுவி விழுந்தது, வெயில் உள்ளே வந்தது. தணிகாசலம் அவசரமாக லுங்கியைச் சரி செய்துகொண்டார்.

சார் இந்த அமளியில் கலந்துகொள்ளவே இல்லை. அவருக்குள் இருந்த சேல்ஸ்மேன் விழித்துக்கொண்டுவிட்டார். நடுவில் இருக்கும் அந்த ஒருத்தனைப் பிடிக்க வேண்டுமே.

"சரி, இந்த வீட்டுக்கு எந்த மகானுபாவர் வயரிங் பண்ணது?"

அண்ணன் மேலே பார்த்தார். தம்பி கீழே பார்த்தார்.

"நாங்கதான்" என்றார்கள் இரண்டு பேரும்.

வீடு கட்டும்போது ஆள் வைக்காமல் இரண்டு பேரும் சேர்ந்தே செய்தார்களாம். அண்ணன் கீழிருந்து வயரைத் தள்ள, தம்பி மேலே இழுத்தாராம். நான் ஆஃப் செய்த நிலையில் ஹோல்டரில் டெஸ்டரை வைத்தேன், டெஸ்டருக்குள் இருக்கும் சின்ன விளக்கு எரிந்தது, அணைத்த பிறகும் அங்கே கரண்ட் இருந்தது. விஷயம் இதுதான். ஸ்விட்சுக்கு வரவேண்டிய, கரண்ட் கொண்டுவரும் ஃபேஸ் வயர் நேராக பல்புக்குப் போயிருந்தது, பல்புக்குப் போகவேண்டிய, கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் ஸ்விட்சுக்கு வந்திருந்தது. அணைத்தாலும் துளித்துளியாகக் கரண்ட் கசியும். குண்டு பல்ப் அதைச் சட்டை செய்யாது. சேவர் பல்ப் அந்தத் துளிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, போதுமான அளவு சேர்ந்ததும் ஒரு தடவை மினுக்கிவிடும். கஞ்சனுக்குக்கூட அத்தனை பொறுமை வராது.

"நீதான் கறுப்ப ஃபேஸ்னு சொன்னே" என்றார் அண்ணன்.

"நீ கீழருந்து செவப்ப குடுன்னா கறுப்ப குட்த்தே" என்றார் தம்பி.

இப்படியே ஆரம்பித்து, சிமென்ட் வாங்கப் போனது, கம்பி வளைத்தது, மழையில் தளம் போட்டது என்று எங்கெங்கோ போனார்கள். பேசாத வருஷத்துப் பாக்கியையெல்லாம் சேர்த்துப் பேசுகிறார்கள் என்று தோன்றியது. நடுவில் நின்ற சார், "எப்படியோ, பண்ணினவங்களுக்குக் கொஞ்சம் வயரிங் தெரிஞ்சிருந்தா..." என்று வாயைக் கொடுத்தார்.

"யோவ், இன்னா சொன்னே?" என்று கீழிருந்து ஒரு படி ஏறினார் அண்ணன்.

"எங்கண்ணனுக்கு வயரிங் தெரியாதா?" என்று மேலிருந்து ஒரு படி இறங்கினார் தம்பி.

இரண்டு பேரும் சேர்ந்து அவரைக் கிழி கிழியென்று கிழித்தார்கள். கண்ணடிக்கிற பல்பை விற்றுக் குடும்பத்தைக் கெடுத்த கடை, பேஜார் பண்ண வந்த ஆளு, மகானுபாவராம் மகானுபாவரு. சார் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். நான் படியில் இறங்கி வந்து எட்டிப் பார்த்தபோது அவர் முகம் பூரித்திருந்தது. தப்பு கஸ்டமர் மேலும் இல்லாமல் பல்ப் மேலும் இல்லாமல் நடுவில் ஒருத்தன் மேல் விழுந்திருந்தது. அந்த ஒருத்தனாக அன்றைக்கு அவரே நின்றார். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை உண்டானது அப்போதுதான்.

மெயினை இறக்கிவிட்டு வயரை மாற்றிக் கட்டினேன். ஏணியை அண்ணன் ஒரு காலும் தம்பி ஒரு காலுமாகப் பிடித்துக்கொண்டார்கள், இரண்டு பேரும் இரண்டு விதமாக யோசனை சொன்னார்கள். மறுபடி ஜமக்காளம், மறுபடி இருட்டு. யாரும் கேட்காமலேயே இரண்டு பேரும் கையைத் தூக்கினார்கள். பல்ப் கண்ணடிக்கவில்லை.

"செங்கல் வந்து எறங்கிக்கீதே, மேஸ்திரிக்கு இன்னா சொல்றது?" என்று கேட்டார் குப்பம்மா.

மேஸ்திரி மறுநாள் காலை வந்தார். அந்தச் செங்கல்லை வைத்து மொட்டை மாடியில் மேடை கட்டினார். அதன்மேல் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே ஆன்டெனா, எந்தக் காக்காயாலும் திருப்ப முடியாத மாதிரி சிமென்ட் வைத்துப் பூசிவிட்டார்கள். சிமென்ட் காய்ந்த பிறகுதான் அது வண்டலூரைப் பார்ப்பது தெரிந்ததாம். இரண்டு வீட்டிலும் பொரி பொரியாகத்தான் படம் வந்தது. பழனி பஞ்சாமிர்தத்தோடு கடைக்கு வந்த சரளா இதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அண்ணனும் தம்பியும் இப்போது படிக்கட்டில் உட்கார்ந்து ட்ரான்சிஸ்டர் கேட்கிறார்கள், ஓரகத்திகள் எங்களுக்குத்தான் அங்கே இடம் இல்லை என்றாள்.

வரதராஜன் சார் அதற்குப் பிறகும் பல்பை ஆட்டினார், துடைத்தார், "வரும்" என்று மேலே பார்த்தார். ஆனால் தீர்ப்பை மட்டும் மாற்றிவிட்டார். "பல்ப் நல்லா இருக்கு. வயரிங்தான் ரிப்பேர்" என்பார். வீடு என்ற சொல்லை அந்தக் கவுன்டரில் அவர் மறுபடி எடுத்து நான் கேட்கவில்லை.

நிவேதா, நீ சிரித்த பதிலை மறுபடி எழுதுகிறேன். ஃபேஸ், நியூட்ரல், சின்ன விளக்கு வைத்த இண்டிகேட்டர் ஸ்விட்ச் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதெல்லாம் நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும். அந்தக் கஸ்டமர் வீட்டில் சண்டை என்றுதானே சொன்னாய்? முதலில் அங்கே இருக்கிற எல்லாரையும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கச் சொல்.